பழைய கர்னலுக்குத் திரும்பியும் வராத நெட்வொர்க்

இந்த நிகழ்வில் கெட்டுப்போன பாகம் என்று எதுவும் கிடையாது. கார்டு நன்றாக இருந்தது, கேபிள் நன்றாக இருந்தது, கார்டுக்குப் பொருந்தும் டிரைவர் ஒன்றுக்கு இரண்டாக அந்த சர்வரிலேயே கிடந்தது. இருந்தும் ரீபூட் ஆன சர்வர் நெட்வொர்க்கில் தலைகாட்டவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை அப்டேட் செய்த பிறகு ஏதாவது போனால் எல்லோரும் முதலில் செய்வது பழைய கர்னலில் பூட் செய்து பார்ப்பது. அதையும் செய்தார்கள், பலிக்கவில்லை. பழையதிலும் வரவில்லை என்றால் ஹார்டுவேர்தான் என்று முடிவுகட்டி, புதுக் கார்டு வாங்கும் பேச்சு தொடங்கியிருந்த நேரத்தில்தான் நான் உள்ளே வந்தேன்.

இதை விரிவாக எழுதக் காரணம், இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒரே அறிகுறியைக் காட்டி ஒன்றையொன்று மறைத்துக்கொண்டதுதான். புதிய கர்னலில் நெட்வொர்க் வராததற்கு ஒரு காரணம், பழையதில் வராததற்கு வேறொரு காரணம். இரண்டையும் ஒரே கோளாறாக நினைத்துத் தேடினால் எந்த விளக்கமும் பொருந்தாது.

நிலைமை

டெபியன் 12 ஓடும் ஒரு கோப்பு சர்வர். மேசைக் கணினிக்கான மதர்போர்டை ராக் பெட்டிக்குள் பொருத்திச் செய்தது. நெட்வொர்க்குக்கு இருந்த ஒரே வழி, போர்டிலேயே பதிந்திருக்கும் ரியல்டெக் கிகாபிட் கார்டு. ஐபிஎம்ஐ மாதிரியான தொலைக் கன்சோல் எதுவும் இல்லை. ஆகவே நெட்வொர்க் போனால் யாராவது நேரில் போய் மானிட்டரும் கீபோர்டும் மாட்டித்தான் ஆகவேண்டும்.

சர்வர் வெகுகாலம் ரீபூட் ஆகாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் அவ்வப்போது போடப்பட்டன, கர்னல் பேக்கேஜ்களும் வரிசையாக வந்து இறங்கின. ஆனால் மெமரியில் ஓடிக்கொண்டிருந்தது என்னவோ பழைய கர்னல்தான். ஒரு பராமரிப்பு நேரத்தில் அதை அணைத்து, தூசி தட்டி, தீர்ந்துபோயிருந்த சிமாஸ் பேட்டரியை (மின்சாரம் இல்லாதபோது போர்டின் கடிகாரத்தை ஓடவைப்பது) மாற்றி, மறுபடி ஆன் செய்தார்கள். திரையில் லாகின் வந்தது. நெட்வொர்க் வரவில்லை.

பேட்டரி மாற்றிய செய்தி எனக்கு உடனே சொல்லப்படவில்லை. சொல்லாதவர் மீது குறை இல்லை. பேட்டரிக்கும் டிரைவருக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்குத்தான் தோன்றும்?

போனில் பேசியவர் சொன்னது இவ்வளவுதான்: "சார், பழைய கர்னல்லயும் வரல. போர்ட்டுல லைட்டு மட்டும் எரியுது. கார்டு போயிருச்சு போல."

"லைட்ட விடுங்க. எல்எஸ்பிசிஐ போட்டுப் பாருங்க, லிஸ்ட்ல கார்டு இருக்கா?"

இருந்தது. எல்எஸ்பிசிஐ என்பது பிசிஐ வழியாக இணைந்திருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளை. போர்ட்டில் எரியும் லிங்க் விளக்கை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. டிரைவர் ஏறாமலேயே கார்டில் கேபிளின் சிக்னலைக் கையாளும் பிஹெச்ஒய் பகுதி சுவிட்சோடு பேசி விளக்கை எரியவிடக்கூடும். விளக்கு எரிந்தால் கேபிளும் மின்சாரமும் ஓரளவு சரி, அவ்வளவுதான்.

இரண்டு கர்னல், ஒரு சொல் வித்தியாசம்

புதிய கர்னலில் ஐபி லிங்க் கட்டளை, கணினி தன்னோடு தானே பேசும் எல்ஓ-வை மட்டும் காட்டியது. நெட்வொர்க்கிங் சேவையின் லாகில், ஈஎன்பி3எஸ்0 என்ற சாதனமே இல்லை என்ற வரி இருந்தது. இந்த நிலையில் ஐபி முகவரி, கேட்வே, டிஎன்எஸ் என்று குடைவது வீண் வேலை. இன்டர்ஃபேஸே பிறக்காதபோது அதற்கு முகவரி கொடுத்து என்ன பயன்?

எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே என்ற விருப்பங்களோடு ஓட்டினால் கார்டின் பெயரோடு மூன்று விஷயங்கள் வரும். முதலாவது, சதுர அடைப்புக்குள் இருக்கும் அடையாள எண். இங்கே அது 10ஈசி:8168. 10ஈசி என்றால் ரியல்டெக், 8168 என்பது 8111, 8168 குடும்பத்துக் கிகாபிட் சிப். இரண்டாவது, இப்போது அந்தக் கார்டைக் கையில் வைத்திருக்கும் டிரைவர் எது என்ற வரி. மூன்றாவது, அந்தக் கார்டுக்குப் பொருந்துவதாகச் சொல்லிக்கொள்ளும் மாட்யூல்கள் (தேவைப்படும்போது கர்னலில் ஏற்றும் டிரைவர் ஃபைல்கள்) எவை என்ற வரி.

இங்கே இரண்டாவது வரியே காணோம். அதாவது எந்த டிரைவரும் கார்டைப் பிடிக்கவில்லை. மூன்றாவது வரியில் ஆர்8169 என்று மட்டும் இருந்தது.

பிறகு பழைய கர்னலில் பூட் செய்து அதே கட்டளையை ஓட்டச் சொன்னேன். அங்கேயும் இரண்டாவது வரி இல்லை. ஆனால் மூன்றாவது வரியில் ஆர்8168, ஆர்8169 என்று இரண்டு பெயர்கள். இந்த ஒரு சொல்தான் நூல் நுனி. அறிகுறி ஒன்றுதான் என்றாலும் இரண்டு கர்னல்களின் நிலையும் ஒன்றில்லை என்று அது காட்டிவிட்டது.

மூன்றாவது வரி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதன் அர்த்தம் இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு கர்னலுக்கும் லிப் மாட்யூல்ஸ் அடைவுக்குள் தனி அடைவு உண்டு. அதில் டெப்மாட் என்ற கட்டளை எழுதிவைத்த மாட்யூல்ஸ்.அலியாஸ் என்ற ஃபைல் இருக்கும். எந்த அடையாள எண்ணுக்கு எந்த மாட்யூல் என்ற அட்டவணை அது. எல்எஸ்பிசிஐ அந்த அட்டவணையைப் பார்த்துப் பெயரைச் சொல்கிறது, அவ்வளவே. அந்த மாட்யூல் தடுப்புப் பட்டியலில் இருக்கிறதா, ஏற்றினால் ஏறுமா என்பதையெல்லாம் அது பார்ப்பதில்லை. ஆகவே அந்த வரியில் ஒரு பெயர் இருந்தால் மாட்யூல் டிஸ்கில் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆர்8169 லினக்ஸ் கர்னலோடு கூடவே வரும் டிரைவர். ஆர்8168 சிப் தயாரிப்பாளர் தனியாக வெளியிடும் டிரைவர். டெபியனில் அது ஆர்8168-டிகேஎம்எஸ் என்ற பேக்கேஜாக, நான்-ஃப்ரீ பகுதியில் கிடைக்கும். டிகேஎம்எஸ் என்பது, கர்னலுக்கு வெளியே இருக்கும் மாட்யூலை ஒவ்வொரு கர்னலுக்கும் தனித்தனியாக அந்த மெஷினிலேயே கம்பைல் செய்து கொடுக்கும் ஏற்பாடு. இந்த சர்வரை முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர் ஆர்8168-ஐப் போட்டிருக்கிறார் என்பது இதிலிருந்தே தெரிந்துவிட்டது.

புதிய கர்னலில் என்ன நடந்தது

டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கட்டளை ஒரே ஒரு வரியைக் காட்டியது. ஆர்8168 பழைய கர்னலுக்கு மட்டும் நிறுவப்பட்டிருக்கிறது. அப்புறம் வந்த எந்தக் கர்னலுக்கும் அது கட்டப்படவே இல்லை.

காரணம் ஹெடர். வெளி மாட்யூலைக் கம்பைல் செய்ய அந்தந்தக் கர்னலின் ஹெடர் பேக்கேஜ் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பலவும், லினக்ஸ்-ஹெடர்ஸ் என்று தட்டி அதன் பின்னால் யுநேம் -ஆர் விடையை ஒட்டிப் போடச் சொல்லும். அந்த வரி அன்றைக்கு ஓடும் கர்னலின் ஹெடரை மட்டும் கொண்டுவரும். நாளை கர்னலின் ஏபிஐ எண் மாறி 6.1.0-க்குப் பின்னால் வரும் எண் கூடினால், புதுக் கர்னலுக்கான ஹெடர் தானாக வராது. தானாக வரவேண்டுமானால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 என்ற மெட்டா பேக்கேஜைப் போட்டிருக்க வேண்டும். இந்த சர்வரில் போட்டிருந்தது முதல் வகை. புதுக் கர்னல்கள் இறங்கின, ஹெடர் இல்லாததால் டிகேஎம்எஸ் ஒன்றையும் கட்டவில்லை, அப்டேட் தடையில்லாமல் முடிந்தது. ரீபூட் ஆகாதவரை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சரி, ஆர்8168 இல்லை. கர்னலோடு வந்த ஆர்8169 இருக்கிறதே, அது ஏன் கார்டைப் பிடிக்கவில்லை? எட்சி அடைவுக்குள், மாட்யூல் ஏற்றும் விதிகள் இருக்கும் மோட்புரோப்.டி-யில் பார்த்தால், கையால் எழுதிய ஒரு சிறு ஃபைல். அதில் இரண்டே வரிகள். ஒன்று, பிளாக்லிஸ்ட் ஆர்8169. மற்றொன்று, ஆர்8168-க்கு ஏஎஸ்பிஎம்=0 என்ற ஆப்ஷன். இரண்டாவது வரியைப் பிறகு பார்ப்போம். தடுப்பு வரிகள் வேறு இடங்களிலும் ஒளிந்திருக்கலாம்: ரன், லிப் அடைவுகளின் மோட்புரோப்.டி-களிலும், கர்னலின் பூட் வரியிலும். மோட்புரோப் -சி கொடுத்தால் எல்லா ஃபைல்களையும் சேர்த்துக் கொட்டும், அதில் கிரெப் செய்வது எளிது. பூட் வரியைப் பார்க்க ப்ராக் அடைவில் சிஎம்டிலைன் இருக்கிறது.

பிளாக்லிஸ்ட் வரியின் குணம் பலருக்கும் தெரிவதில்லை. அது மாட்யூலைத் தடை செய்வதில்லை. அட்டவணையின் வழியாகத் தானாக ஏறுவதை மட்டும்தான் தடுக்கிறது. பூட் நேரத்தில், சாதனங்களுக்கு டிரைவர் தேடும் யூடெவ் சேவை அடையாள எண்ணை வைத்து மாட்யூலைத் தேடும்போது இந்த வரி குறுக்கே நிற்கும். நாம் பெயர் சொல்லி மோட்புரோப் ஆர்8169 என்று கொடுத்தால் அது பாட்டுக்கு ஏறும். முழுக்கத் தடுக்க வேண்டுமானால் இன்ஸ்டால் ஆர்8169 /பின்/ஃபால்ஸ் என்ற பாணியில் எழுத வேண்டும். இங்கே எழுதியிருந்தது வெறும் பிளாக்லிஸ்ட் என்பது நமக்கு அதிர்ஷ்டம்.

ஆகவே அந்த இடத்திலேயே பெயர் சொல்லி ஏற்றச் சொன்னேன். ஏறியது. கர்னலின் லாகைக் காட்டும் டிமெசேஜில் ஆர்டிஎல்8168ஹெச் என்று சிப்பின் பெயரும் எக்ஸ்ஐடி 541 என்ற எண்ணும் வந்தன. ஈஎன்பி3எஸ்0 பிறந்தது. இந்தப் பெயர் டிரைவரைப் பொறுத்து மாறாது, கார்டு உட்கார்ந்திருக்கும் பிசிஐ இடத்தைப் பொறுத்தது: பஸ் 3, ஸ்லாட் 0. அதனால் இன்டர்ஃபேஸ் ஃபைலில் ஒரு எழுத்தும் மாற்றாமல் இஃப்அப் கொடுத்ததும் முகவரி வந்து பிங் போனது. கார்டு செத்துவிட்டது என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

நெட்வொர்க் வந்த உடனே ஆப்ட் அப்டேட் கொடுத்தபோது, ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகும் காலத்துக்கு வரவில்லை என்று ஒரு பிழை வந்தது. சர்வரின் கடிகாரம் பின்னால் போயிருந்தது. டைம்சிங்க்டி நேரத்தைத் திருத்தியதும் பிழை போய்விட்டது. ஆனால் கடிகாரம் ஏன் பின்னால் போனது என்ற கேள்விக்கு விடையாகத்தான் பேட்டரி மாற்றிய செய்தி வெளியே வந்தது.

பழைய கர்னலில் என்ன நடந்தது

இதுதான் இந்த வழக்கின் கடினமான பாதி. பழைய கர்னலுக்கு ஆர்8168 முறையாகக் கட்டப்பட்டிருக்கிறது, ஃபைல் அதன் இடத்தில் இருக்கிறது, அட்டவணையில் பெயர் இருக்கிறது. அணைப்பதற்கு முந்தைய நிமிடம் வரை இதே கர்னலில் இதே மாட்யூல்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஏன் ஏறவில்லை?

டிமெசேஜில் ஆர்816 என்று கிரெப் செய்தால் ஒரு வரியும் இல்லை. ரியல்டெக் என்று தேடினாலும் இல்லை. இந்த இடத்தில் பலரும் 'லாகில் ஒன்றும் இல்லை' என்று எழுதி முடித்துவிடுவார்கள். கிரெப்பை விட்டுவிட்டு லாகை மேலிருந்து கீழே வாசித்தபோது கிடைத்தது, கையொப்பமில்லாத மாட்யூலை ஏற்றுவது கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது என்று கர்னலின் லாக்டவுன் என்ற பாதுகாப்புப் பகுதி எழுதிய ஒரு வரி. அதில் இருந்த பெயர் சிஸ்டம்டி-யூடெவ்டி. கார்டின் பெயரும் இல்லை, மாட்யூலின் பெயரும் இல்லை. ஏற்ற முயன்ற நிரலின் பெயர் மட்டும்தான். கார்டு பெயரை வைத்துத் தேடுகிறவர் கண்ணில் இந்த வரி படவே படாது.

கையால் மோட்புரோப் ஆர்8168 கொடுத்துப் பார்த்தால் பிழை நேராகவே வரும். கர்னலின் அமைப்பைப் பொறுத்து அது 'விசை நிராகரிக்கப்பட்டது' என்ற பொருளிலும் வரலாம், 'அனுமதி இல்லை' என்ற பொருளிலும் வரலாம். ரூட்டாக இருக்கும்போதே அனுமதி இல்லை என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது செக்யூர் பூட்டை, அதாவது நம்பகமான கையொப்பம் உள்ளவற்றை மட்டும் பூட் ஆகவிடும் ஃபர்ம்வேர் பாதுகாப்பை. மோக்யூட்டில் கட்டளைக்கு எஸ்பி-ஸ்டேட் விருப்பத்தைக் கொடுத்தோம். செக்யூர் பூட் இயக்கத்தில் இருப்பதாகச் சொன்னது.

இப்போது கதை கோர்வையாகிறது. பேட்டரியைக் கழற்றியதும் அந்த போர்டின் பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போய்விட்டன. அந்த போர்டின் ஆரம்ப நிலையில் செக்யூர் பூட் ஆன். சர்வரை முதலில் அமைத்தவர் அதை ஆஃப் செய்து வைத்திருந்தார். செக்யூர் பூட் ஆன் ஆனதும் கர்னல் லாக்டவுன் நிலைக்குப் போகிறது, நம்பகமான விசையால் கையொப்பமிடாத மாட்யூல்களை ஏற்க மறுக்கிறது.

டெபியன் பூட் ஆவதே நின்றுபோயிருந்தால் யாராவது உடனே பயாஸைத் திறந்து பார்த்திருப்பார்கள். ஆனால் 2019-இல் வந்த டெபியன் 10 முதல் செக்யூர் பூட் ஆதரவு இருக்கிறது. ஷிம், கிரப் என்ற பூட் நிரல்கள், கர்னல் எல்லாம் கையொப்பத்தோடுதான் வருகின்றன. ஆகவே சர்வர் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் பூட் ஆகி லாகின் வரை வந்துவிட்டது. தடுக்கப்பட்டது அந்த ஒரே ஒரு மாட்யூல்தான்.

மாட்இன்ஃபோ கட்டளையில் இரண்டு மாட்யூல்களின் சைனர் வரியை ஒப்பிட்டால் விஷயம் பளிச்சென்று தெரியும். ஆர்8169-இல் டெபியன் செக்யூர் பூட் சிஏ என்று இருக்கும். ஆர்8168-இல் டிகேஎம்எஸ் மாட்யூல் கையொப்ப விசை என்று இருக்கும். டெபியன் 12-இன் டிகேஎம்எஸ் தானாகவே ஒரு விசையை உருவாக்கி, தான் கட்டும் மாட்யூலில் கையொப்பமிடுகிறது. ஆனால் அந்த விசையை இந்த மெஷினின் ஃபர்ம்வேர் அறியாது; நாம்தான் அறிமுகப்படுத்திவைக்க வேண்டும். செக்யூர் பூட் ஆஃபாக இருந்தவரை அதற்குத் தேவையே எழவில்லை.

ஆக, புதிய கர்னலில் ஆர்8168 டிஸ்கிலேயே இல்லை. பழைய கர்னலில் அது இருந்தும் வாசலில் தடுக்கப்பட்டது. இரண்டிலும் ஆர்8169 பிளாக்லிஸ்டால் முடங்கிக் கிடந்தது. பழைய கர்னலை வைத்துச் சோதிப்பது நல்ல சோதனைதான். முன்பு நெட்வொர்க் வந்தபோது செய்த பூட், இப்போது வராமல் போன பூட், இந்த இரண்டுக்கும் இடையே கர்னல் மட்டும்தான் மாறியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இங்கே ஃபர்ம்வேரும் கூடவே மாறியிருந்ததால் சோதனை பொய் சொன்னது.

எந்த டிரைவரை வைத்துக்கொள்வது

முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பயாஸில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்து, ஹெடர் மெட்டா பேக்கேஜைப் போட்டு, பழையபடி ஆர்8168-ஐ ஓட்டலாம். அல்லது டிகேஎம்எஸ் விசையை மோக்யூட்டில் கட்டளையின் இம்போர்ட் விருப்பம் மூலம் பதிவு செய்து, செக்யூர் பூட்டோடேயே ஆர்8168-ஐ ஓட்டலாம். இதற்கு ஒருமுறை கடவுச்சொல் வைத்து ரீபூட் செய்து, பூட் நேரத்தில் வரும் நீலத் திரையில் ஒருவர் நேரில் உட்கார்ந்து உறுதிசெய்ய வேண்டும். அல்லது ஆர்8168-ஐயே விட்டுவிட்டு ஆர்8169-க்கு வந்துவிடலாம்.

முதல் இரண்டும் வேலை செய்யும். ஆனால் தொலைக் கன்சோல் இல்லாத ஒரு சர்வரில், இருக்கும் ஒரே நெட்வொர்க் கார்டை, ஒவ்வொரு கர்னல் அப்டேட்டிலும் புதிதாகக் கம்பைல் ஆகவேண்டிய மாட்யூலிடம் ஒப்படைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கிராஃபிக்ஸ் டிரைவர் கம்பைல் ஆகாவிட்டால் திரை மங்கும், எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து சரி செய்துகொள்ளலாம். நெட்வொர்க் டிரைவர் கம்பைல் ஆகாவிட்டால் அதைச் சரிசெய்யப் போகும் பாதையே அடைந்துபோகும்.

அதற்காக முந்தையவர் காரணமில்லாமல் ஆர்8168-ஐப் போட்டிருப்பார் என்று நினைப்பதும் சரியில்லை. இப்போது அந்த ஃபைலின் இரண்டாவது வரிக்கு வருவோம்: ஏஎஸ்பிஎம்=0. ஏஎஸ்பிஎம் என்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு சும்மா இருக்கும்போது அதை உறக்கநிலைக்கு அனுப்பி மின்சாரம் மிச்சப்படுத்தும் வசதி. இந்தக் குடும்பத்துக் கார்டுகள் சில போர்டுகளோடு சேரும்போது, உறக்கத்திலிருந்து எழுவதில் தடுமாறி லிங்க் அறுந்து அறுந்து வருவதுண்டு. முந்தையவருக்கு வந்தது அப்படிப்பட்ட தொல்லை என்று ஊகிக்கலாம். ஆர்8168-இல் அதை அணைக்க ஒரு மாட்யூல் ஆப்ஷன் இருக்கிறது. ஆர்8169-இல் அப்படி ஒரு ஆப்ஷன் கிடையாது. அங்கே அந்த வரியை அப்படியே பெயர் மாற்றி எழுதினால், தெரியாத அளவுரு என்று ஒரு வரியை லாகில் எழுதிவிட்டு கர்னல் கண்டுகொள்ளாமல் போய்விடும். ஆனால் 5.5 கர்னல் முதல், சாதன அமைப்புகளைக் கர்னல் ஃபைல்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்-இல், கார்டின் டிவைஸ் அடைவுக்குள் லிங்க் என்ற துணை அடைவில் எல்1_ஏஎஸ்பிஎம் என்ற ஃபைல் கிடைக்கிறது. அதில் 0 எழுதினால் அந்த ஒரு கார்டுக்கு மட்டும் எல்1 உறக்கம் நிற்கும். பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் என்று பூட் வரியில் எழுதி மொத்த மெஷினுக்கும் கைவைக்கும் பழைய பழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல். அந்த ஃபைலே கண்ணில் படவில்லை என்றால், ஏஎஸ்பிஎம் கட்டுப்பாட்டை ஃபர்ம்வேர் கர்னலிடம் கொடுக்கவில்லையா என்று பார்க்க வேண்டும். ஆர்8169 அதையும் டிமெசேஜில் ஒரு வரியாகச் சொல்லும்.

ஆர்8169-இன் பழைய கெட்ட பெயரை வைத்து இன்றைக்கு முடிவெடுப்பதும் சரியாகாது. 2018-க்குப் பிறகு அந்த டிரைவர் பெரிய அளவில் திருத்தி எழுதப்பட்டது. பிஹெச்ஒய்யைக் கையாளும் பகுதி கர்னலின் பொதுவான பிஹெச்ஒய் நூலகத்துக்கு மாறியது. 5.4 கர்னலில் 2.5 கிகாபிட் சிப்பான ஆர்டிஎல்8125-க்கும் அதிலேயே ஆதரவு வந்தது. பத்து வருடத்துக்கு முந்தைய அறிவுரைகள்தான் தேடுபொறியில் இன்னும் மேலே நிற்கின்றன.

மாற்றியபோது கவனித்தவை

முதலில் ஃபர்ம்வேர். கையால் ஏற்றியபோதே டிமெசேஜில், ஆர்டிஎல்_என்ஐசி அடைவில் இருக்கவேண்டிய ஆர்டிஎல்8168ஹெச்-2 என்ற ஃபர்ம்வேர் ஃபைல் கிடைக்கவில்லை என்று, -2 என்ற பிழை எண்ணோடு ஒரு வரி வந்திருந்தது. -2 என்றால் ஃபைல் இல்லை. கார்டு அது இல்லாமலும் ஓடுகிறது, ஆகவே பலரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அது பிஹெச்ஒய்க்கான திருத்தங்களைக் கொண்ட ஃபைல். லிங்க் நிலைத்தன்மையைப் பற்றிப் புகார் இருக்கும் இடத்தில் அதைப் போடாமல் வேறெதையும் சோதிப்பது முறையில்லை. ஃபர்ம்வேர்-ரியல்டெக் பேக்கேஜில் அது இருக்கிறது. ஆப்ட் அந்தப் பேக்கேஜே இல்லை என்றது. டெபியன் 12-இல் ஃபர்ம்வேர்கள் எல்லாம் நான்-ஃப்ரீ பகுதியிலிருந்து பிரிந்து நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற புதுப் பகுதிக்குப் போய்விட்டன. இந்த சர்வரின் சோர்ஸ் வரிகளில் நான்-ஃப்ரீ மட்டும்தான் இருந்தது. 11-இலிருந்து மேலேற்றிய மெஷின்களில் இது அடிக்கடி நடக்கும். புதுப் பகுதியைச் சேர்த்ததும் பேக்கேஜ் வந்தது.

அடுத்து ஆர்8168-டிகேஎம்எஸ்-ஐ நீக்கியது. இங்கே ஆப்ட் ரிமூவ் போதாது, பர்ஜ் கொடுக்க வேண்டும். ரிமூவ் செய்தால் எட்சிக்குள் இருக்கும் கன்ஃபிக் ஃபைல்கள் அப்படியே கிடக்கும். அந்தப் பேக்கேஜ் தன் பங்குக்கு மோட்புரோப்.டி-யில் ஒரு ஃபைல் வைக்கிறது. அதில் அடையாள எண்களை ஆர்8168 பக்கம் திருப்பிவிடும் வரிகள் இருக்கின்றன. மாட்யூல் போய், அந்த வரிகள் மட்டும் தங்கிவிட்டால் இல்லாத மாட்யூலைத் தேடும் குழப்பம் மிச்சமிருக்கும். கையால் எழுதிய பிளாக்லிஸ்ட் ஃபைலைப் பர்ஜும் தொடாது, அது யாருடைய பேக்கேஜுக்கும் சொந்தமில்லாதது. அதைத் தனியாக அழித்தோம்.

பிறகு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், எல்லாக் கர்னல்களுக்கும். இனிட்ராம்எஃப்எஸ் என்பது பூட்டின் தொடக்கத்தில் கர்னலோடு மெமரியில் ஏறும் சிறு ஃபைல் தொகுப்பு. மோட்புரோப்.டி ஃபைல்களின் நகல் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் போகிறது என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆர்8169 இப்போது தனியாக நிற்பதில்லை. பிஹெச்ஒய்க்கு ரியல்டெக் என்ற இன்னொரு மாட்யூலை நம்பியிருக்கிறது. இனிட்ராம்எஃப்எஸ்ஸில் ஆர்8169 இருந்து ரியல்டெக் இல்லாமல் போனால், பிஹெச்ஒய்க்கு உரிய டிரைவர் கிடைக்கவில்லை, ரியல்டெக்கை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்க்கவேண்டியிருக்கலாம் என்று டிரைவரே எழுதிவிட்டு நின்றுவிடும். எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கொடுத்து இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டோம். இருந்தன.

செக்யூர் பூட்டை ஆன் நிலையிலேயே விட்டோம். ஆர்8169 டெபியனின் கையொப்பத்தோடு வருவதால் அது இனி ஒரு பொருட்டில்லை. இனி பேட்டரி எத்தனை முறை தீர்ந்தாலும் நெட்வொர்க் அந்தக் காரணத்தால் போகாது.

சோதனை

இரண்டு கர்னல்களிலும் தனித்தனியாக பூட் செய்து பார்த்தோம். இரண்டிலும் எல்எஸ்பிசிஐயில் காணாமல் போயிருந்த வரி திரும்பி வந்து ஆர்8169 என்றது. ஈத்டூல் -ஐ கொடுத்தால் டிரைவர் பெயரும் ஏற்றிய ஃபர்ம்வேரின் பெயரும் வந்தன. வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3-இல் ஒரு திசை, பிறகு -ஆர் (பெரிய எழுத்து) கொடுத்து மறுதிசை. கிகாபிட் லிங்க்கில் டிசிபிக்கு எட்டக்கூடிய உச்சம் விநாடிக்கு 940 மெகாபிட் சுற்றுவட்டம். இரண்டு திசையும் அதைத் தொட்டன. டிரைவர் கோளாறுகளில் அனுப்புவது நன்றாக இருந்து வாங்குவது சொதப்புவதும், அதற்கு எதிராக நடப்பதும் சகஜம் என்பதால் ஒரு திசையை மட்டும் அளந்து திருப்தியடையக் கூடாது.

முழு வேக ஓட்டத்தைவிட முக்கியமானது சும்மா இருக்கும் நேரம். ஏஎஸ்பிஎம் தொல்லை போக்குவரத்து இல்லாதபோதுதான் தலைதூக்கும். ஆகவே சர்வரை இரவு முழுக்க வேலையில்லாமல் விட்டு, காலையில் ஜர்னலில் லிங்க் டவுன் வரிகளும் நெட்டெவ் வாட்ச்டாக் வரிகளும் இருக்கின்றனவா என்று தேடினோம். ஒன்றும் இல்லை. ஈத்டூல் -எஸ் (பெரிய எழுத்து) காட்டும் எண்ணிக்கைகளில் ஆர்எக்ஸ்_எரர்ஸும் அலைன்_எரர்ஸும் 0-விலேயே நின்றன. எல்1_ஏஎஸ்பிஎம் ஃபைலில் கைவைக்கும் தேவை வரவில்லை. ஆனால் அதன் முழுப் பாதையை சர்வர் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறோம். அதன் பக்கத்திலேயே பயாஸில் செக்யூர் பூட் ஆன் என்றும், எந்தத் தேதியில் பேட்டரி மாறியது என்றும் இருக்கிறது.

டிரைவர் மாறியதில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது: அணைந்திருக்கும் கணினியை நெட்வொர்க் வழியாக எழுப்பும் வேக் ஆன் லேன். ஆர்8168 ஓடியபோது அது இயக்கத்தில் இருந்தது, ஆர்8169-க்கு வந்ததும் ஈத்டூலில் டி என்று, அதாவது அணைந்த நிலையில் இருந்தது. இன்டர்ஃபேஸ் ஃபைலில் ஈத்டூல் -எஸ் (சிறிய எழுத்து) கட்டளையோடு டபிள்யூஓஎல் ஜி என்று ஒரு போஸ்ட்-அப் வரி சேர்த்ததும் மேஜிக் பேக்கெட்டுக்கு எழுந்துகொண்டது. அடுத்து வந்த கர்னல் அப்டேட்டை, ரீபூட் உட்பட, தொலைவிலிருந்தே செய்து முடித்தோம்.